உட்கார்ந்தபடி நடந்த செங்கோடன்

ஆவாரங்கரட்டுத் தொழிலாளர் சங்கத்தில் கூடிப் பேசாமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். மாதக்கணக்கில் கொடி பிடித்து நூற்பாலை முதலாளியிடம் அவர்கள் வென்றது ஒரே ஒரு சைக்கிள். அதைச் செங்கோடனுக்குக் கொடுத்தார்கள். அவன் வீடுதான் தூரம். இன்னொரு முறை தாமதமாக வந்தால் அவனுக்கு வேலையும் இல்லை.

சைக்கிளின் இரும்புச் சட்டம் நெட்டை. செங்கோடன் குட்டை. மிதிக்கும்போது இடுப்பு ஆட்டுக்கல் குழவியாக ஆடியது. கைப்பிடியை எட்டியெட்டி முதுகு வளைந்தது.

"உட்கார்ந்தா கால்விரல் தரையைத் தொடணும்ப்பா," என்றார் சைக்கிள் கடைக்காரர். "சீட்டை இதுக்கு மேல இறக்க முடியாது. சட்டமே உனக்குப் பெரிசு. சின்னதா மாத்திக்க."

சங்கம் கூடியது.

"மாத்துறதா? போராடி வாங்கின சைக்கிள்! ஒரு அங்குலம் குறைஞ்சாலும் சரணாகதி," என்றார் செயலாளர் அரங்கசாமி.

"இடுப்பு போகுதுங்களே, தோழர்," என்றான் செங்கோடன்.

"விரல் தரையைத் தொடணும், அவ்வளவுதானே? சைக்கிள் இறங்காது. தரை ஏறட்டும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். செங்கோடனும் தட்டினான். இடுப்பைவிட இயக்கம் பெரிதல்லவா?

ஆலை வரைக்கும் மண்பாதையை ஒரு முழம் உயர்த்தினார்கள். செங்கோடன் ஏறி உட்கார்ந்தான். விரல் அந்தரத்திலேயே தொங்கியது.

"நமக்குப் போட்ட மண்ணுல இதுவும் ஏறிக்கிச்சு பாருங்க," என்று பல்லைக் கடித்தார் பொருளாளர் பழனியாண்டி. "முதலாளி குடுத்த சைக்கிள்தானே, புத்தி எங்கே போகும்!"

சைக்கிளுக்குப் பாடம் புகட்ட, சக்கரம் ஓடும் இடத்தை மட்டும் வாய்க்காலாக வெட்டினார்கள். இப்போது விரல் என்ன, பாதமே கரையில் பதிந்தது. ஆனால் மிதிகட்டைகள் கரையில் இடித்துச் சுற்ற மறுத்தன. ஒத்துழைக்காத இரண்டையும் ஒருமனதாக நீக்கினார்கள்.

மறுநாள் காலை செங்கோடன் சீட்டில் அமர்ந்து, இரு கரையிலும் கால் மாற்றி மாற்றி உந்திக்கொண்டே போனான். இடுப்பில் வலியே இல்லை. ஆலைக் கதவு மூடியிருந்தது.

"நடந்தே வந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பியேய்யா!" என்றார் காவலாளி.

"வந்திருப்பேன். உட்கார முடியாதுங்களே."

வேலை போயிற்று. அன்று மாலையே சங்கத்தில் வெற்றி விழா.

"இனி நம்ம தோழர் ஒருநாளும் வேலைக்குத் தாமதமாப் போகமாட்டார்!" என்று முழங்கினார் அரங்கசாமி.

முதலில் கைதட்டியவன் செங்கோடன்தான், சைக்கிளில் உட்கார்ந்தபடியே.