யார் முதலில் தேடுவார்?

"மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கீங்க மேடம். இதுல என்னதான் குறை?"

ஜெயக்கொடி விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் உயிரியல் நடத்திவிட்டு, நீண்ட விடுப்புப் போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். வழிகாட்டிப் பேராசிரியை ரெஹானாவுக்கு முப்பத்தாறுதான். துறையில் எல்லோரும் ஜெயக்கொடியை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். ரெஹானாவும் அப்படித்தான்.

மலையில் மழை தொடங்க இருபது நாள் இருந்தது. மஞ்சள்விரல் தவளை மழைக்காலத்தில் மட்டுமே முட்டையிடும். எங்கே இடுகிறது என்று யாரும் பார்த்ததில்லை. மற்ற மாணவர்களோடு இரண்டு மழைக்காலம் போய், ஓடை ஓடையாகத் தேடி, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள் ஜெயக்கொடி. இந்த முறை தனியாகப் போக அனுமதி கேட்டிருந்தாள். இதை விட்டால் விடுப்பும் முடிந்துவிடும், ஆராய்ச்சியும் முடிந்துவிடும்.

ரெஹானா விண்ணப்பத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

பாதுகாப்பு ஏற்பாடு: கைபேசி உள்ளது.

"உங்க போனைக் கொடுங்க டீச்சர்."

கொடுத்தாள். ரெஹானா அதை அணைத்தாள்.

"பின்னால பழைய ஸ்டோர் ரூம் இருக்குல்ல, அங்க போய் உட்காருங்க. கதவைப் பூட்ட மாட்டேன். யாராவது உங்களைத் தேடி வந்தா எழுந்து வந்துடுங்க."

"எதுக்கு மேடம்?"

ரெஹானா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது மணி பத்து.

அரை மணி நேரத்தில் யாராவது வந்துவிடுவார்கள் என்று ஜெயக்கொடி நினைத்தாள். கால் உடைந்த நாற்காலிகளுக்கும் ஒட்டடை படிந்த கண்ணாடிக் குடுவைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. அவளோடு ஆராய்ச்சி செய்யும் மெர்சியிடம் யாரோ கேட்டார்கள்.

"டீச்சர் எங்க?"

"லைப்ரரியில இருப்பாங்க."

காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

ஒரு மணிக்குக் கணவர் நிச்சயம் போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் துறைக்குக் கூப்பிடுவார். அந்த நம்பிக்கையில் ஒரு மணி போயிற்று. இரண்டு போயிற்று. பசித்தது.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தவள் ரெஹானா.

"ஏழு மணி நேரம். உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பதான் பேசினேன். ரெண்டு தடவை அடிச்சிருக்கார். ஏதாவது கிளாஸ்ல இருப்பீங்கன்னு விட்டுட்டாராம்."

"அவருக்கு என்மேல அக்கறை இல்லாம இல்ல மேடம்."

"இல்லன்னு நான் சொல்லலையே."

ஜெயக்கொடி விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, நான்காகக் கிழித்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போனாள். ஓடைப் பக்கமே போகவில்லை. ஊருக்குள் வீடு வீடாகப் பேசிக்கொண்டு திரிந்தாள். ஊரில் பால் சொசைட்டி வாசலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அங்கே பால் அளக்கும் அஞ்சலையிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினாள். காட்டில் தேன் எடுக்கும் காளியப்பன் துணைக்கு வரச் சம்மதித்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன் டீச்சரம்மா," என்றார் அவர். "மேல எங்கயோ பெய்யிற மழை இங்க தெரியாது. தண்ணி கலங்குச்சுன்னா யோசிக்கக் கூடாது. போட்டது போட்டபடி மேட்டுல ஏறிடணும்."

எழுதிக்கொண்டாள்.

புதிய விண்ணப்பம் நான்கு பக்கம். ரெஹானா ஒரு வரி விடாமல் படித்தாள்.

"தினமும் மதியம் ஒரு மணிக்குள்ள சொசைட்டிக்கு வந்துடுவீங்க. வரலன்னா ஒன்றரைக்கு அஞ்சலை எனக்கும் வனத்துறை செக்போஸ்டுக்கும் போன் பண்ணிட்டு, கயிறோட ஆள் அனுப்புவாங்க. சரி. அன்னிக்கு அஞ்சலை ஊர்ல இல்லன்னா?"

"அவங்க மருமக. அந்தப் பொண்ணுகிட்டயும் பேசிட்டேன்."

ரெஹானா பேனாவைத் திறந்தாள்.

மழை தொடங்கியபின் மலையில் ஆறு நாள் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. முட்டைதான் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் பதினொரு மணி. முழங்கால் தண்ணீரில் குனிந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தவளின் காலடியில் தண்ணீர் செம்மண் நிறமானது.

அவள் யோசிக்கவில்லை. பையைக்கூட எடுக்கவில்லை. காளியப்பன் கை கொடுக்க, இருவரும் பாறைமேல் ஏறினார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் நின்றிருந்த இடத்தில் வெள்ளம் ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அக்கரையில் இருந்தது. பின்னால் செங்குத்தான பாறைச் சுவர்.

தண்ணீர் இரைச்சலில் பேசினால் கேட்கவில்லை. காளியப்பன் அவள் காதருகே குனிந்தார்.

"பயமா இருக்கா டீச்சரம்மா?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். இப்போது ஒன்று நாற்பது.

"கிளம்பிட்டாங்க," என்றாள்.

காலை நீட்டி, ஈரப் பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அக்கரையில் தலைகள் தெரிந்தன. ஊர்க்காரர்கள் ஐந்து பேர், வனக்காவலர்கள் இரண்டு பேர், ஒரு வடம். இடுப்பில் கட்டி ஒவ்வொருவராக இழுத்தார்கள். கரையேறியதும் ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே நின்றாள். அதிர்ச்சியில் இப்படி இருக்கிறாள் போலும் என்று வனக்காவலர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

சொசைட்டி வாசலில் அஞ்சலை ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக நின்றாள்.

"உங்க மேடம். இது பதினோராவது தடவை."

ஜெயக்கொடி போனை வாங்கினாள்.

"டீச்சர்?"

"இருக்கேன் மேடம். காளியப்பன் அண்ணனும் பத்திரமா இருக்கார்."

மறுமுனையில் ரெஹானா அழுவது கேட்டது. பிறகு கேட்டாள்.

"நாலு மணி நேரம் அந்தப் பாறையில என்ன பண்ணீங்க?"

"எனக்கு என்ன வேலை மேடம்? தேடுற வேலையை நீங்க எல்லாரும் பார்த்துக்கிட்டீங்க. நான் சும்மா அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்."

ஒரு வாய் டீ குடித்தாள்.

"தலைக்கு மேல பாறை இடுக்கு முழுக்க முட்டை மேடம். நாம தண்ணிக்குள்ளயே தேடிக்கிட்டு இருந்திருக்கோம்."