மூன்று வாக்கியம், மூன்று நாள் லீவு

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. அங்கே லீவு கேட்டால் மேனேஜர் தனபாலன் ஓர் ஆங்கிலத் தொடரைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொல்வார். தெரியாதவருக்கு லீவு இல்லை.

அடுப்புக்கு விறகு போடும் பிச்சமுத்து ஒருநாள் டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது போய் நின்றான். தாய்வீட்டில் பிரசவித்த மனைவி, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாக எழுதியிருந்தாள். அவன் இன்னும் அதன் முகம் பார்க்கவில்லை.

"ஈஸியர் செட் தேன் டன். சொல்றது சுலபம், செய்றது கஷ்டம்னு அர்த்தம். மூணு வாக்கியம் சொல்லு, மூணு நாள் தரேன்" என்றார் மேனேஜர்.

"ஆடியில லீவு தரேன்னு ஐயா சொன்னீங்க. அது ஈஸியர் செட் தேன் டன்."

யாரோ சிரித்தார்கள்.

"தீபாவளிக்கு நிச்சயம்னீங்க. அதுவும் ஈஸியர் செட் தேன் டன்."

"மூணாவது?" மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"இப்ப இத்தனை பேர் முன்னாடி மூணு நாள் தரேன்னீங்க. அந்த வாக்கியத்தை ஐயாதான் முடிக்கணும்."

மேனேஜர் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாமியார் வீட்டில் பிச்சமுத்து கையை நீட்டினான். குழந்தை வீறிட்டு, தாயின் தோளில் முகம் புதைத்தது.

"கூப்பிட்டதும் வந்துருமா? பழகணும்ல. எத்தனை நாள் லீவு?" என்றாள் மனைவி.

"மூணு நாள்" என்றான், நீட்டிய கையை மடக்காமலே.