பிள்ளையார் நின்ற நேரம்

இசக்கியம்மாளிடம் எடிட்டிங் பழக வந்தவர்களில் அவரைவிட மூத்தவர் பூதலிங்கம் ஒருவர்தான். பாதி ஊரின் கல்யாணங்களைப் படம் பிடித்தவர். இருந்தாலும் இசக்கியம்மாளை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியாட்களுக்குத்தான் குழப்பம்.

அன்று சாயங்காலம் உமையாளின் கல்யாணப் படத்தைப் பார்க்க அவளும் அவள் அப்பா சிதம்பரதாணுவும் வருவதாக இருந்தது. மறுநாள் அவள் புருஷனோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள்.

உமையாள் முன்பே ஒரு பிரதியைப் போனில் பார்த்து, இந்த நிமிடம் இந்த நொடியில் இதைச் செய்யுங்கள் என்று குறிப்புகள் அனுப்பியிருந்தாள். முன்பெல்லாம் பூதலிங்கம் ஒவ்வொரு நொடியாகத் தேடிப் போய்த் திருத்துவார். இப்போது குறிப்புகளை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பழகிவிட்டார். ஒரு தட்டுத் தட்டியதும் படத்தின் நீளத்துக்கும் குறிப்புகள் கொடிகளாக முளைத்து நின்றன.

"எல்லாம் ஏத்தியாச்சு டீச்சர். கொடி கொடியாப் போய்த் திருத்தியும் ஆச்சு."

"அதுக்குள்ளயா? குடிச்ச டம்ளர் சூடு கூட ஆறலையே அண்ணாச்சி."

"இனிமே நமக்குக் கண்ணே வேண்டாம் போலுக்கு."

இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படத்தை ஓட விட்டார். மகளை வழியனுப்பும் இடம் வந்தது. சிதம்பரதாணு மண்டபத்துத் தூண் பக்கம் திரும்பித் துண்டால் கண்ணைத் துடைக்க வேண்டும். ஆளையே காணோம். அடுத்து, பாட்டு நின்று கார் ஹார்ன் அலறியது.

"ஹார்ன் எதுக்கு இந்தப் போடு போடுது?"

"'இங்க பாட்டு வேண்டாம், இந்தச் சத்தம் மட்டும் போதும்'னு எழுதியிருக்கா."

"அவ அப்பா எங்க?"

"வெட்டிட்டேன். 'பார்க்க நல்லா இல்ல, எடுத்துடுங்க'ன்னு குறிப்பு."

"பெத்த அப்பனையா? அந்த மனுசன் இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த நாற்காலியில வந்து உக்காருவாரு. மக தன்னை எடுக்கச் சொல்லிட்டான்னுதான நினைப்பாரு?"

பூதலிங்கம் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"சொன்னபடி செஞ்சது தப்பா டீச்சர்?"

இசக்கியம்மாள் உமையாளுக்கு அனுப்பிய பிரதியைத் திறந்து, 'எடுத்துடுங்க' என்று அவள் எழுதிய அதே நொடியில் நிறுத்தினார். உமையாளின் சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு காது குடைந்துகொண்டிருந்தார்.

இசக்கியம்மாள் தம் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, திரையில் சித்தப்பாவின் நெற்றியில் ஒட்டினார். பிறகு வெட்டாத படத்தைத் திறந்து அதே நொடியில் நிறுத்தினார். பொட்டு சிதம்பரதாணுவின் ஈரக் கன்னத்தில் இருந்தது.

"திருஷ்டிப் பொட்டு மாதிரில்லா இருக்கு," என்றார் பூதலிங்கம். சிரிக்க வரவில்லை. "பொட்டு அங்கயேதான் இருக்கு. ஆளு எப்படி மாறுனாரு?"

"அந்தப் பிள்ளைக்கு அனுப்புனதுல முன்னால என்ன சேர்த்தீய?"

பூதலிங்கம் யோசித்தார். எந்த வேலையை வெளியே அனுப்பினாலும் முதலில் கொஞ்ச நேரம் பிள்ளையார் படத்தை நிறுத்தி, மணியோசையும் சேர்ப்பது அவர் வழக்கம். உமையாள் பார்த்த படத்தில் பிள்ளையார் இருந்தார். இங்கே, திருத்துகிற படத்தில், அவர் இல்லை. அவர் நின்ற நேரத்துக்கு எல்லாக் குறிப்பும் தள்ளிப் போய் விழுந்திருந்தது.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இனி அவரைப் போடவே மாட்டேன் டீச்சர்."

"அவரை ஏன் கோவிக்கீய? அவரு பாட்டுக்கு வந்தாரு, நின்னாரு, போனாரு."

இருவருமாக வெட்டாத படத்தை எடுத்து, கொடிகளை மொத்தமாகப் பிடித்து, பிள்ளையார் நின்ற நேர அளவுக்குப் படத்தின் தொடக்கத்தை நோக்கி நகர்த்தினார்கள். 'எடுத்துடுங்க' சித்தப்பா மேல் போய் விழுந்தது. ஹார்னில் நின்ற கொடி நகர்ந்து வந்து தூண் பக்கம் நின்றது. பூதலிங்கம் பாட்டை நிறுத்தினார். துண்டுக்குள் சிதம்பரதாணு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்தச் சத்தம் மட்டும் போதும்.

பூதலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, அந்த அப்பனை வெட்டும்போது கை தயங்கலையா?"

"தயங்கிச்சு டீச்சர்."

இசக்கியம்மாள் திரையிலிருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அதுவும் ஒரு குறிப்புதான். அதை ஏன் ஏத்தாம விட்டீய?"