ராஜாவின் தலைமுடிக்கு நின்றுபோன செலவு

வெகு காலத்துக்கு முன்னால், தேனாறு பாயும் நாட்டைப் பூவராகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. சுருள் சுருளாகத் தோளில் புரளும் தலைமுடி என்றால் அவருக்கு உயிர். தைலம் காய்ச்ச ஒருவர், சாம்பிராணி போட ஒருவர், சிக்கெடுத்துச் சீவ ஒருவர் என்று அதற்கு ஒரு படையே இருந்தது.

அவருடைய அமைச்சர் தாண்டவர். வருஷா வருஷம் கருவூலத்திலிருந்து ஒரு பங்கை வாங்கி, தேனாறு பிறக்கும் குயிலி மலைக் காட்டுக்குச் செலவழிப்பார். காவலர்களுக்குக் கூலி, சரிவுகளில் கல்வரப்பு, காட்டுத் தீயை அணைக்க ஆள் என்று அது போகும். கருவூலத் தலைவர் சொக்கேசருக்கு இது கண்ணை உறுத்தியது. பணம் தன் பெட்டியிலிருந்து போகிறது, பேர் தாண்டவருக்கு வருகிறதே!

ஒருநாள் அவையில் சொக்கேசர் எழுந்தார். "மகாராஜா, மரம் தானாக முளைக்கிறது, தானாக வளர்கிறது. அதற்கு எதற்குச் செலவு? அந்தப் பணத்தில் தங்களுக்குக் குளம் வெட்டி, நடுவே பளிங்கில் நீராழி மண்டபம் கட்டலாம். மரத்தையெல்லாம் வெட்டி விற்றால் தங்கத்தில் கூரையே போடலாம்!"

ராஜா உருகிவிட்டார். "பேஷ்! இன்றோடு காட்டுச் செலவு நின்றது. அமாவாசை கழிந்ததும் கோடாரிகள் மலையேறட்டும்."

பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கும் காவலர்களைத் தாண்டவர் நேரில் பார்த்தவர். மலை மொட்டையானால் கோடையில் ஆறு கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் இப்போது எதிர்த்துப் பேசினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார்.

"உத்தரவு மகாராஜா," என்று கும்பிட்டார். "இதே நியாயப்படி அரண்மனைக்குள்ளும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கலாமா?"

"தாராளமாக!"

மறுநாள் காலையில் ராஜாவின் தலைக்குத் தைலம் வரவில்லை. சாம்பிராணி வரவில்லை. சீப்போடு வருகிறவனும் வரவில்லை. சில நாளில் முடி சடைபிடித்து, கிரீடம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்தது. அவையில் செங்கோலாலேயே தலையைச் சொறிந்துகொண்ட ராஜா கத்தினார்:

"யார் பார்த்த வேலை இது?"

"அடியேன்தான்," என்றார் தாண்டவர். "முடி தானாக முளைக்கிறது, தானாக வளர்கிறது. அதற்கு எதற்குச் செலவு?"

அவையே வாயைப் பொத்திக்கொண்டது. சொக்கேசர் அவசரமாகக் குறுக்கிட்டார்: "மகாராஜா, முடி இருந்தால்தானே செலவு? என்னைப் பாருங்கள், வழுவழுவென்று! மழித்துவிட்டால் எல்லாம் மிச்சம்!"

ராஜா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னீர்?"

"அதையும் பார்த்துவிடலாமே," என்றார் தாண்டவர். "இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் தலையில் ஒன்று, தங்கள் தலையில் ஒன்று."

"என் தலையிலா?"

"தலைக்கு ஊற்றி நாளாச்சே மகாராஜா!"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயிலும் கொளுத்தியது. "ஊற்றுமய்யா!" என்று கிரீடத்தைக் கழற்றினார்.

முதல் குடத்துத் தண்ணீர் சொக்கேசரின் தலையில் விழுந்தது. சந்தனத்தையும் திருநீற்றையும் அடித்துக்கொண்டு கண்ணில் பாய்ந்தது. கீழே உட்கார்ந்திருந்த புலவர்களை எழுந்து ஓடவைத்தது. அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் தலை காய்ந்து மறுபடி பளபளத்தது. ராஜாவின் தலையில் ஊற்றியதோ முடிக்குள் புகுந்து காணாமல் போய், பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவை வேறு வழக்குகளை விசாரித்து முடித்தது. அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

"மகாராஜா," என்றார் தாண்டவர், "மழித்த மலையில் பெய்த மழை மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். காடு வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். சித்திரையில் நம் தேனாறு ஓடுவது இப்படித்தான். பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் காடு என்ன பாடுபடும் என்பதைத் தங்கள் தலையே சொல்லும்."

ராஜா நனைந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். குரல் இறங்கியது. "நான் நீராழி மண்டபம் கட்டியிருந்தால் அதன் குளத்தில் எதை நிரப்பியிருப்பேன்?"

"மணலை, மகாராஜா."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவர் கழுத்தில் போட்டார். "கோடாரிகள் கீழேயே இருக்கட்டும். காட்டுக்கு இனி இரட்டைப் பங்கு. சொக்கேசரே, இந்தக் கோடை முழுக்க நீர் மலையில் காவலர்களோடு இரும். மரம் எப்படித் தானாக வளர்கிறது என்று பார்த்துவந்து சொல்லும்!"

ஆடி மாதம் சொக்கேசர் திரும்பிவந்தார். முகம் கறுத்திருந்தது, கை காய்த்திருந்தது. சிரிக்கத் தயாராக இருந்த அவையின் நடுவே நின்று அவர் சொன்னார்:

"மகாராஜா, காட்டுக்குக் கொடுக்கும் பணம் போதாது."

"என்னது!"

"கிழக்குச் சரிவில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர்தான் இருந்தோம். நான் ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் ஓடவில்லை. அணைத்து முடித்ததும் எனக்குத்தான் முதலில் ஊற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். அங்கே இன்னும் ஆள் போடவேண்டும்."

தாண்டவர் தன் ஆசனத்தில் நகர்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். சொக்கேசர் உட்காரவில்லை. ராஜா சம்மதிக்கும்வரை நின்றபடியே வாதாடினார். அன்றைக்கு முழுக்கத் தாண்டவருக்கு அவையில் பேச வேலையே இல்லை. சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.