தம்புராக்காரியின் மூன்று விரல்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் மகரபுரி என்றொரு நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் பாட்டு காதில் விழுந்தால் போதும், மூளையைக் கழற்றிச் சிம்மாசனத்துக்கு அடியில் வைத்துவிடுவான்.

அவன் சபையில் விருத்தகிரி என்றொரு வித்வான். குரல் அமிர்தம், அதில் பொய் சொல்லக் கூடாது. ஊர் அடித்த கூத்துதான் தாங்கவில்லை. அவர் குடுமியை இடப்பக்கம் முடிந்தால் ஊர் ஆம்பிளைகள் எல்லாம் இடப்பக்கம் முடிந்தார்கள். அவர் துப்பிய வெற்றிலைச் சக்கையை ஒருத்தர் பட்டுத்துணியில் முடிந்து பூஜையில் வைத்திருந்தார். தூ! ராஜாவும் தன் பங்குக்கு வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். அது மடியில் இல்லாமல் வித்வான் வாயே திறக்கமாட்டார்.

அவருக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு வருஷம் தம்புரா மீட்டியவள் அபரஞ்சி. ஒருநாள் அவள் தனியாகச் சபைக்கு வந்து வலது கையை நீட்டினாள். மூன்று விரல்கள் கணுவில் வீங்கிக் கறுத்திருந்தன.

"மகாராஜா, வீட்டுச் சாதகத்தில் மீட்டல் கொஞ்சம் இடறினால் வித்வான் பிரம்பால் அடிக்கிறார். பாட்டை நிறுத்தமாட்டார், கண்ணையும் திறக்கமாட்டார். இனி இந்த விரல் மடங்காது என்கிறார் வைத்தியர்."

விருத்தகிரி அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எறும்பைக்கூட மிதிக்காதவன் நான், பிரபு! கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். மீட்டல் சரியில்லை என்று விலக்கினேன், அந்தக் கோபம்."

உடனே எழுந்தார் ஏகப்பர். மந்திரி வெண்காடரின் நாற்காலிமேல் கண்ணாக இருந்த ஆசாமி, ராஜாவின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பேசுகிறவர். "கண்ணை மூடிக்கொண்டு அடித்தாராம்! அதுவும் குறி தப்பாமல்! இவ்வளவு உருக்கமாகப் பாடுகிறவருக்கு அடிக்கக் கை வருமா? வித்வான் சொக்கத் தங்கம் என்று ஆயிரம் பேரிடம் கைநாட்டு வாங்கித் தருகிறேன்!"

வாங்கியும் விட்டார். கைநாட்டு வைத்த ஒருத்தராவது வித்வான் வீட்டு வாசற்படி மிதித்தவரா? கிடையாது. பாட்டு கேட்டார்களாம், அதனால் குணம் தெரியுமாம்! அபரஞ்சி பொய்க்காரி என்று மூன்று நாள் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள்.

"நாளைச் சபைக்குள் நிரூபி. இல்லாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டு விரட்டுவேன்" என்று மூன்றாம் நாள் அவளை வரவழைத்துச் சொன்னான் ராஜா.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. வெளியே கழுதை தயாராக நின்றது. மந்திரி வெண்காடர் கைநாட்டு ஓலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஆயிரம் பேர் சொன்னபின் நான் என்ன சொல்ல, மகாராஜா? ஆனால் வித்வானுக்குத் தம்புரா மீட்ட ஆள் வேண்டுமே. கைநாட்டு வைத்தவர்களில் யாராவது தங்கள் வீட்டுப் பெண்ணை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள்."

முன்வரிசைச் செட்டியார் மேற்கூரையைப் பார்த்தார். இன்னொருத்தருக்கு இருமல் வந்தது.

"என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது" என்றார் ஒருத்தர்.

"அவளுக்கு ஆறு வயசுதானேய்யா!" என்றார் மந்திரி.

ராஜாவுக்கே சிரிப்பு வந்தது. மந்திரி சும்மா இருந்தாரா? "அரசிளங்குமரியை அனுப்பலாமா, மகாராஜா?" என்றார். ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"சரி, பெண்கள் வேண்டாம். தங்கம் என்று முதலில் சொன்னவர் ஏகப்பர். இன்று ஒரு பாட்டுக்கு அவரே மீட்டட்டும்."

"எனக்கு மீட்டத் தெரியாதே!"

"நாலு தந்தியை வரிசையாகத் தொடவேண்டியதுதானே. தப்பினால்தான் என்ன? எறும்பைக்கூட மிதிக்காதவர் ஆயிற்றே!"

ராஜா தலையசைத்தான். ஏகப்பர் வித்வானுக்குப் பின்னால், வலப்பக்கம், அபரஞ்சியின் இடத்தில் போய் உட்கார்ந்தார். விருத்தகிரி கண்ணை மூடித் தோடியைத் தொடங்கினார். ஆகா, என்ன பாட்டு! சபை சொக்கியது, ராஜா வழக்கம்போல மூளையைக் கழற்றினான். ஏகப்பரும் சொக்கிப்போய்த் தலையை ஆட்டினார். கை தந்தியை மறந்தது. மீட்டல் ஒருமுறை இடறியது. மறுமுறையும் இடறியது.

வித்வான் கண்ணைத் திறக்கவில்லை. ஸ்வரம் கொஞ்சமும் அசையவில்லை. வலது கை மட்டும் மடியிலிருந்து பிரம்பை எடுத்தது, பின்னால் வீசியது, பளீரென்று ஒன்று வைத்தது, பழையபடி மடியில் போட்டது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது!

"ஐயோ அம்மா, செத்தேன்!" என்று ஏகப்பர் அலறிய அலறலில்தான் கண் திறந்தார் மகான்.

மந்திரி ஏகப்பரின் கையைப் பிடித்து ராஜா முன்னால் நீட்டினார். பக்கத்தில் அபரஞ்சி தன் கையை வைத்தாள். அதே மூன்று விரல், அதே கணு.

"கிணற்றடி இங்கே எங்கே இருக்கிறது, வித்வான்?" என்றார் வெண்காடர்.

ராஜா பிரம்பைப் பிடுங்கினான். அதன் பூணில் தன் பெயரே பொறித்திருந்ததைப் பார்த்து முகம் கறுத்தான். அபரஞ்சிக்குக் காத்திருந்த கழுதைமேல் விருத்தகிரி ஏறினார். கடிவாளம் பிடித்து நடந்தவர் ஏகப்பர், வீங்கிய கையோடு. மந்திரிக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

"உனக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று கேட்டான்.

"என்னைப் பொய்க்காரி என்று சொன்ன அதே தெருக்களில், அதே மூன்று நாள், அதே சத்தத்தில், நான் சொன்னது நிஜம் என்று தண்டோரா போடுங்கள். ராஜாவும் நம்பவில்லை என்று அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

ராஜா தண்டோராக்காரனைக் கூப்பிட்டான். "அப்படியே போடு" என்றான்.

அவள் வெளியே வந்தாள். கைநாட்டு வைத்த கூட்டம் அதற்குள் குடுமியை வலப்பக்கம் மாற்றிக்கொண்டு ஓடி வந்து சூழ்ந்தது. "எங்களுக்கு அப்பவே தெரியும் அபரஞ்சி! அந்த ஆள் முகத்தைப் பார்த்தாலே தெரியுமே!"

அபரஞ்சி நின்றாள். "வித்வானாவது கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். நீங்கள் தெரிந்தே அடித்தீர்களா?" என்று கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அந்தக் கூட்டம் அன்று கவிழ்த்த தலை நிமிர எத்தனை நாளாயிற்று என்கிறீர்கள்? அடுத்த வாரமே புதுப் பாடகர் ஒருத்தர் வந்துவிட்டார்.