தாரிணியின் எண்

வருஷத்தில் ஒரே ஒரு வாரம் பனியைப் பார்க்கிற கோயம்புத்தூர்க்காரிக்கும் ஒரு குரு வாய்த்தாள்.

குருவின் பெயர் பிலோமினா. வயது முப்பதைத் தாண்டவில்லை. குளிர்காலத்தில் வடக்கே இமயமலைச் சரிவில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பாள். மற்ற மாதங்களில் குன்னூரில், ஒரு தகரக் கொட்டகையில் ஸ்கீ பலகைகளைச் செப்பனிடுவாள். சிஷ்யை வைஜயந்திக்கோ ஐம்பது முடிந்துவிட்டது. ஆனாலும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள்.

கோடையின் தொடக்கத்தில் ஒரு ஜோடி ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது உங்களோடது இல்லையே அக்கா."

"தாரிணியோடது."

தாரிணி அவளுடைய தங்கை. பீச்சாங்கைக்காரி, அதைவிடப் பெரிய பிடிவாதக்காரி. பூட்ஸைக் கவ்வும் பிடி ஓட்டத்தின் நடுவில் கழன்றால் மானம் போய்விடுமாம். தானே திருப்புளியை எடுத்து, பிடியில் இறுக்கத்தைக் காட்டும் எண்களில் கடைசி எண் வரை இறுக்கி வைத்திருந்தாள். போன ஜனவரியில் விழுந்தபோது பிடி கழலவில்லை. பலகையோடு சேர்ந்து பாறை வரை உருண்டாள். பலகையில் ஒரு கீறல்கூட விழவில்லை; அவள்தான் எழவில்லை.

"வர்ற ஜனவரியில அதே சரிவுல, இதையே போட்டுக்கிட்டு இறங்கணும். அதுக்குள்ள என்னைத் தயார் பண்ணுங்க மிஸ்."

வேறு யாராக இருந்தாலும், உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டிருப்பார்கள். பிலோமினா பலகையின் விளிம்பை விரலால் தடவினாள்.

"ஓரமெல்லாம் துரு. முதல்ல தேயுங்க."

தேய்த்தாள். மெழுகை உருக்கி அடிப்பக்கத்தில் கனமாகப் பூசினாள். பனி விழும் வரை அதைச் சுரண்டக் கூடாது. எல்லாம் முடிந்ததும் பிலோமினா திருப்புளியை நீட்டினாள்.

"பிடியைத் தளர்த்துங்க."

"அவ வெச்ச எண்ணை மாத்தணுமா?"

"தளர்த்துங்க அக்கா."

வலது கையால் தளர்த்தினாள். பிடி முனகிக்கொண்டே இளகியது.

"திருப்புளி உங்ககிட்டயே இருக்கட்டும். காலையில பூட்ஸை மாட்டி, முட்டியை மடக்கி, கண்ணை மூடி நில்லுங்க. மனசுக்குள்ள அந்தச் சரிவுல இறங்குங்க."

அக்கினி நட்சத்திர வெயிலில், கனத்த பூட்ஸோடு கூடத்தில் குந்தியும் குந்தாமலும் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தால் எந்தப் புருஷன்தான் சும்மா இருப்பான்?

"இறங்குறதுதான் இறங்குற, அப்படியே ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடு."

"உங்க வாய்க்கு முதல்ல ஒரு பிடி போடணும்."

பேச்செல்லாம் கூடத்தோடு சரி. பலகைகள் இருந்த அறைக்குள் அவர் காலை வைத்ததில்லை. வைஜயந்தி கண்ணை மூடினால், எப்போதும் முன்னால் ஒருத்தி இறங்கிக்கொண்டிருந்தாள். சிவப்புக் குல்லா. திரும்பிப் பார்ப்பதே இல்லை. பாறை நெருங்கும், அவள் வேகம் குறையாது. வைஜயந்தியின் வேகமும் குறையாது. கண்ணைத் திறந்தால் அந்த வெயிலிலும் பாதம் சில்லிட்டிருக்கும்.

மழை பிடித்ததும் பலகைகளோடு மறுபடி குன்னூர் ஏறினாள்.

"மிஸ், பிடி இறுகியிருக்கு."

"எந்த எண்ணுல?"

"அவ எண்ணுல."

"தளர்த்துங்க."

"தளர்த்தாமலா இருப்பேன்? தளர்த்திட்டுப் படுக்கிறேன், விடிஞ்சு பார்த்தா மறுபடி அதே எண். ஸ்பிரிங் கெட்டுப்போச்சா?"

பிலோமினா பிடியை அழுத்திப் பார்த்தாள்.

"ஸ்பிரிங் கெட்டா தளரும். தானா இறுகாது."

மூடுபனி கொட்டகைக்குள் வந்துவிட்டிருந்தது. வைஜயந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த அறைச் சாவி என் இடுப்புல. திருப்புளி என் தலைமாட்டுல. பின்ன யாரு மிஸ் இறுக்குறா?"

"கையைக் காட்டுங்க."

வலது கையை நீட்டினாள். மஞ்சள் கறை, கொஞ்சம் மெழுகு. வேறொன்றும் இல்லை.

"அந்தக் கை."

இடது உள்ளங்கையின் நடுவில் ஒரு கொப்புளம். திருப்புளிப் பிடியின் அளவு. நீர்கூட இன்னும் வற்றவில்லை.

பிறந்ததிலிருந்து அந்தக் கையால் அவள் ஒரு கரண்டியைக்கூடப் பிடித்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பாத்திரம் தன் அலமாரியில் இருப்பதைக் கண்டவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, அவள் மடக்காமலேயே, விரல்கள் மடங்கின.

"மிஸ்... இது யார் கை?"

பிலோமினா அவள் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, சிஷ்யையின் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"நாளைக்கும் இறுக்குவா மிஸ் அவ."

"நாளைக்கும் தளர்த்துங்க. பனிக்கு இன்னும் நாள் இருக்கு."