நல்லுசாமிக்கு முட்டுக் கொடுத்தது

மொந்தம்பட்டிக்காரர்களுக்கு வாழையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வாழையும் அரைகுறைதான். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. குலை தள்ளிய வாழை சாயாமலிருக்கச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்பார்கள். குலை வெட்டும்வரை அந்தக் கம்பை எமனே வந்து கேட்டாலும் எடுக்க மாட்டார்கள்.

அந்த ஊர் நல்லுசாமி, வார்டு மெம்பர் பதவிக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவர். "மூணாவது வாட்டியும் தோத்தா வெள்ளை வேட்டியை அவுத்து வச்சுட்டு மம்பட்டியைத் தூக்கணும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். மம்பட்டியைப் பார்த்தாலே நல்லுசாமிக்குக் குளிர்காய்ச்சல் வரும்.

ஆகவே வாக்குப்பதிவுக்கு முதல் நாள் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். "நாளைக்கு உங்க சப்போர்ட் வேணும். கடைசிவரைக்கும் கைவிட்டுறாதீங்க!"

எதிர்த்து நின்ற பரமாயி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஊர் கூடிப் பேசியது.

"சப்போர்ட்டுன்னா ஓட்டுப் போடுறதாம். டவுன்ல அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் வெள்ளையம்மா. அவள் ஒரு தடவை பஸ்ஸில் போனவள்.

"முட்டுக் கொடுக்குறதும் சப்போர்ட்டுதானே" என்றார் பிச்சமுத்து.

ஊரின் அறிவாளியான மூக்கன் கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டும் சரிதான். ஆனா ஓட்டுங்கிறது காயிதம். பொட்டியில போட்டு மூடிருவாங்க. ஆளு சாஞ்சா அது வந்து தாங்குமா?"

"தாங்காது" என்றது ஊர்.

"இவரு ஏற்கெனவே ரெண்டு தடவை சாஞ்ச மரம் வேற."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

மறுநாள் காலை நல்லுசாமி பல் துலக்க வாசலுக்கு வந்தார். வந்தவரை அப்படியே நிறுத்தி, அக்குளில் இரண்டு, முதுகில் மூன்று, தாடையில் ஒன்று என்று கம்புகளை நட்டு வாழைநாரால் இறுக்கினார்கள். ஊரே சுற்றி நின்று கம்புகளைப் பிடித்துக்கொண்டது. மனைவியும் ஒன்றைப் பிடித்தாள். என்ன இருந்தாலும் புருசன்.

"அடேய், விடுங்கடா! போய் ஓட்டுப் போடுங்கடா!" என்று கத்தினார் நல்லுசாமி.

"பாரம் தாங்காமப் பினாத்துறாரு" என்றார் பிச்சமுத்து. "இன்னொரு கம்பு குடு."

மத்தியானம் நல்லுசாமியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு நானே ஒரு ஓட்டாவது போட்டுக்கிறேன் மாமா. அவுத்து விடுங்க."

"கடைசிவரைக்கும் கைவிடாதீங்கன்னு சொன்னது யாரு?" என்றார் மூக்கன்.



மாலையில் தேர்தல் அதிகாரிகள் ஓட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரே ஒரு சீட்டு விழுந்தது. அது பரமாயி தனக்குத் தானே போட்டுக்கொண்டது.

"குலை வெட்டியாச்சு" என்று மூக்கன் அறிவித்தார். எல்லோரும் கம்பை எடுத்தார்கள். நாள் முழுக்க நின்று கால் மரத்துப்போன நல்லுசாமி தொப்பென்று வாசல் சேற்றில் விழுந்தார்.

"பாத்தீங்களா? நாம இல்லன்னா காலையிலேயே விழுந்திருப்பாரு" என்றார் மூக்கன். ஊர் பெருமையோடு தலையாட்டியது. மனைவி உள்ளே போய், அவர் பக்கத்தில் மம்பட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பரமாயி மாலையும் கழுத்துமாக வந்து கைகூப்பினாள்.

"எல்லாருக்கும் நன்றி. அடுத்த அஞ்சு வருசத்துக்கு எனக்கு உங்க சப்போர்ட் வேணும்."



"அஞ்சு வருசமா?" என்றார் பிச்சமுத்து. "சவுக்குக் கம்பு உளுத்துப் போயிருமே!"

மூக்கன் பரமாயியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு முழக்கயிற்றால் அவள் உயரத்தை அளந்தார். பிறகு வெள்ளையம்மாவிடம் சொன்னார்:

"ஓடிப்போய்க் கொத்தனாரைக் கூட்டியா. நாலு தூணுக்குச் சிமென்ட்டும் கொண்டாரச் சொல்லு."